மறு: ரீட் டிஃப்யூசருக்கு ‘நாணல் பரப்பி’ சரியா?

வணக்கம்.

> ரீட் என்றால் நாணல், டிஃப்யூசர் என்றால் பரப்பி. செய்முறைக் குறிப்பில் ‘நறுமண நாணல் பரப்பி’ என்றே போட்டுவிடட்டுமா?

வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். மண எண்ணெய்க் குப்பியில் குச்சிகளைச் செருகி அறையை மணக்கவைக்கும் இந்த ரீட் டிஃப்யூசரை நான் வீட்டில் மூன்று முறை செய்திருக்கிறேன், இரண்டு முறை சொதப்பியிருக்கிறேன். பெயருக்கான துப்பு அந்தச் சொதப்பலில்தான் கிடைத்தது.

முதல் தடவை கையில் கிடைத்த மூங்கில் குச்சிகளைப் போட்டேன். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் எண்ணெயில் மூழ்கிய பகுதிக்கு மேல் ஒரு விரல் உயரம்தான் ஈரம். அதற்கு மேல் காய்ந்த குச்சி, வாசனையே இல்லை. மூங்கிலில் கணுக்கள் வழியை மறிக்கும். இதற்கென்று விற்கும் குச்சி பெரும்பாலும் பிரம்பு. அதன் வெட்டுமுகத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் சல்லடை மாதிரி பொடித் துளைகள் தெரியும். அவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடுகின்றன. சந்தேகம் இருந்தால் புதுக் குச்சியின் ஒரு நுனியைச் சோப்புத் தண்ணீரில் வைத்து மறு நுனியில் வாய் வைத்து ஊதிப் பாருங்கள், குமிழி வரும். ஆகவே ‘நாணல்’ பொருளளவிலேயே தவறு. ஆங்கிலத்தில் இந்தப் பிரம்புக் குச்சியையும் ரீட் என்பார்கள், நாம் ஏன் நாணலைத் தேடி ஆற்றங்கரைக்குப் போகவேண்டும்?

இரண்டாம் தடவை பிரம்பு சரி, எண்ணெய் தப்பு. பாதாம் எண்ணெயில் லாவெண்டர் தைலத்தைக் கலந்தேன். பாதாம் எண்ணெய் கொழகொழப்பானது, நுண்துளையில் ஏறச் சோம்பல்படும். ஏறினாலும் ஆவியாகாமல் குச்சியிலேயே தங்கிவிடும். மூன்றாம் தடவை டைப்ரொப்பிலீன் கிளைக்கால் (தைலத்தைக் கரைக்கும் நிறமற்ற நீர்மம்) 75 மி.லி., தைலம் 25 மி.லி., வாய் குறுகிய கண்ணாடிக் குப்பி, ஆறு குச்சிகள். மறுநாள் காலையில் குச்சியின் உச்சியைத் தொட்டால் விரல் ஈரமானது. அப்போதுதான் அறை மணந்தது.

இப்போது ‘பரப்பி’க்கு வருகிறேன். குச்சி எதையும் பரப்பவில்லை. உறிஞ்சி மேலே ஏற்றுகிறது, அவ்வளவுதான், பரப்புவது காற்று. மின்சாரத்தில் அதிர்ந்து தண்ணீரைப் பனிபோலக் கக்கும் கருவி இருக்கிறதே, ‘மணப்பரப்பி’ என்ற பெயரை அதற்கு விட்டுவைப்போம். பாடநூலில் டிஃப்யூஷனுக்கு உள்ள ‘விரவல்’ இயற்பியலுக்குச் சரி. ‘நறுமண விரவி’ என்றால் அலமாரியில் வைக்கிற பொருளாகத் தோன்றவில்லை.

மணம் தானாகப் பரவுவதற்குத் தமிழில் ஏற்கெனவே ‘கமழ்தல்’ இருக்கிறது. எண்ணெயை உறிஞ்சி ஏற்றும் பொருளுக்குத் ‘திரி’ இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் ‘கமழ்திரி’. வினைத்தொகை என்பதால் ஒற்று மிகுமா என்ற சண்டையும் மிச்சம். என் பரிந்துரை இதுதான். (இந்த மடல் தொடரையும் நாம் திரி என்றுதான் சொல்கிறோம், திரிக்குள் திரி என்று யாரும் கலாய்க்கவேண்டாம்.)

இன்னொன்று. வரைவில் எசென்ஷியல் ஆயிலுக்கு ‘அத்தியாவசிய எண்ணெய்’ என்று இருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அது இல்லாமல் வாழமுடியாது என்று பொருளில்லை. செடியின் மணச் சாரத்தைக் கொண்ட எண்ணெய் என்பதால் வந்த பெயர் அது. ‘சார எண்ணெய்’ போதும். மேலே நான் தைலம் என்று எழுதியது பேச்சுவழக்கு. மருந்துத் தைலத்தோடு குழம்பும், குறிப்பில் வேண்டாம்.

----------

> என் பரிந்துரை இதுதான்.

ஐயா, கமழ் பிரமாதம். திரிதான் உதைக்கிறது. திரித்துச் செய்வதால்தானே திரி? பிரம்பை யாரும் திரிக்கவில்லை. அதைக்கூட விடலாம். திரி என்று படித்ததும் கை எதைத் தேடும்? தீப்பெட்டியை. சார எண்ணெய் எளிதில் தீப்பற்றும், சிலர் ஆல்கஹால் வேறு சேர்க்கிறார்கள். செய்முறைக் குறிப்பிலேயே இப்படி ஒரு சொல்லா? கமழ்குச்சி என்றால் என்ன குறை?

----------

> கை எதைத் தேடும்? தீப்பெட்டியை.

திரித்தல் வாதத்துக்கு என்னிடம் பதில் இருந்தது: மண்ணெண்ணெய் அடுப்பின் திரி நெய்தது, திரித்ததில்லை, இருந்தும் திரிதான். ஆனால் தீப்பெட்டிக்குப் பதில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஊதுபத்தியோடு குழப்பம் வருமோ என்று யோசித்தேன். அதற்குத்தான் ஏற்கெனவே பெயர் இருக்கிறதே, வராது.

சரி, குச்சிக்குக் கமழ்குச்சி, முழுப் பொருளுக்குக் கமழ்குப்பி. உறிஞ்சி ஏறுவதை விளக்கும் இடத்தில் மட்டும் ‘விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல’ என்று ஒரு வரி வைத்துக்கொள்கிறேன், அந்த உவமையை விட மனசு வரவில்லை. வாரம் ஒருமுறை குச்சிகளைத் தலைகீழாகத் திருப்பவேண்டும், தூசி அடைத்துவிட்டால் மாற்றவேண்டும், வழிந்தால் மேசையின் வார்னிஷ் உரியும் என்பதால் அடியில் தட்டு வேண்டும். இந்த மூன்றும் வரைவில் இல்லை, சேர்த்துவிடுங்கள்.

ஒன்று பாக்கி. சார எண்ணெயைக் கரைக்கும் அடிப்பொருளைத் ‘தாங்கு எண்ணெய்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கிளைக்கால் எண்ணெயே இல்லையே. ‘தாங்கு நீர்மம்’ என்று மாற்றலாமா?