அம்மாவுக்குத் துணையா சின்ன நாய், தத்தெடுக்கலாமா?

கேள்வி:
வேளச்சேரில அப்பார்ட்மென்ட், நானும் அம்மாவும் மட்டும்தான், அவங்களுக்கு 68 வயசு. காசு குடுத்து வாங்க மனசில்ல, கிண்டி ப்ளூ கிராஸ் மாதிரி விலங்குக் காப்பகத்துல மடியிலயே ஒட்டிக்கிட்டு இருக்குற பொமரேனியன் சைஸ் நாய் கிடைக்குமா? அசோசியேஷன்ல வேற நாயே கூடாதுங்கறாங்க.

பதில் 1:
கேட்டு வச்சா வரும், ஆனா குட்டி கேக்காதீங்க, அம்மாவால பின்னாடி ஓட முடியாது. நாலஞ்சு வயசானதா பாருங்க. நம்மூர்ல பொமரேனியன்னு சொல்றது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ்ங்கற வேற ஜாதிதான், நல்லா கொரைக்கும், பக்கத்து வீட்டுக்காரர நெனச்சுக்கோங்க :)

பதில் 2:
அசோசியேஷன் தடை போட முடியாதுங்க, விலங்கு நல வாரியம் 2015லயே சொல்லிடுச்சு. மாநகராட்சி லைசென்ஸ் எடுத்துடுங்க, ரேபிஸ் ஊசி சர்டிபிகேட் கேப்பாங்க.

பதில் 3:
நான் தத்தெடுத்த ஷிட்சு ஜாதி நாய் மொத மூணு நாள் கட்டிலுக்கு அடியிலயே கெடந்துச்சு, சாப்பிடல, நாங்க வேற அழுதுட்டோம், இப்ப மடிய விட்டு எறங்க மாட்டேங்குது. வந்த ஒடனே உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணிடுங்க, எங்களுக்கு லேட்டாதான் தெரிஞ்சுது, அதுக்குள்ள அதுக்கு ப்ளேட்லெட் எறங்கிப்போச்சு.

கேட்டவர்:
சரிங்க, ஞாயித்துக்கிழம அம்மாவையும் கூட்டிட்டுப் போறேன், நாய்க்கு அவங்கள புடிக்குதான்னு பாக்கணும்ல.