வெரிலாக்கா, விஎச்டிஎல்லா? குழப்பத்தைத் தீர்த்து வையுங்கள்

வணக்கம். சி நிரல் ஓரளவு நன்றாகவே எழுதுவேன், டிஜிட்டல் சர்க்யூட் வடிவமைப்புக்குப் புதிது. சர்க்யூட்டைக் கோடாக எழுதும் மொழிகளான வெரிலாக், விஎச்டிஎல் இரண்டில் எதைக் கற்பது என்று குழப்பம். சி போலவே இருக்கிறதே என்று வெரிலாக்கைத் தொட்டேன். அந்தச் சாயல்தான் காலை வாரிவிட்டது. கிளாக் விளிம்பில் (கிளாக் சிக்னல் மாறும் கணத்தில்) <= (எல்லாம் ஒரே நேரத்தில் மாறும்) போட வேண்டிய இடத்தில் = (வரிக்கு வரி உடனே மாறும்) போட்டேன். மூன்று ஃபிளிப்ஃபிளாப் (கிளாக் விளிம்பில் ஒரு பிட்டைச் சேமிப்பது) இருக்க வேண்டிய ஷிஃப்ட் ரெஜிஸ்டர் (பிட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்துவது) ஒன்றாகச் சுருங்கிவிட்டது! இன்னொரு இடத்தில் எல்ஸ் எழுத மறந்ததால், கேட்காமலே ஒரு லாட்ச் (கிளாக் விளிம்புக்குக் காத்திராமல் பழைய மதிப்பைப் பிடித்து வைப்பது) வந்து உட்கார்ந்தது.

விஎச்டிஎல் டேட்டா வகைகளில் கறார் என்கிறார்கள். சரி, ஆனால் லாட்ச் அதிலும் வரும்தானே? வெரிலாக் தரநிலை 2009-இலேயே அதன் விரிவாக்கமான சிஸ்டம்வெரிலாக்கோடு இணைந்துவிட்டது. அப்படியானால் நேராக அதையே பிடித்து, ஆல்வேஸ்_எஃப்எஃப் (ஃபிளிப்ஃபிளாப்புக்கு), ஆல்வேஸ்_காம்ப் (எதையும் சேமிக்காத லாஜிக்குக்கு) என்று பழகிவிடலாமா? இப்போதைக்கு இக்காரஸ் வெரிலாக் என்ற மென்பொருளில் சிமுலேஷன் மட்டும்தான், எஃப்பிஜிஏ (நம் சர்க்யூட்டை ஏற்றிப் பார்க்கும் சிப்) போர்டு இன்னும் வாங்கவில்லை.

அப்புறம், கோடு எழுதுவதற்கு முன் சர்க்யூட்டைத் தாளில் வரையும் பழக்கம் உங்களுக்கு எப்படி வந்தது?