ஃபைபரை எது வரைக்கும் இழுக்கணும்? தெருமுனை கேபினட் போதுமா, வீட்டுச் சுவர் வரைக்கும் வேணுமா?

கணக்கன்:
ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்சது. இங்க யாரைக் கேட்டாலும் வீட்டுக்குள்ள வரைக்கும் ஃபைபர் வந்தாத்தான் பிராட்பேண்ட், மத்ததெல்லாம் ஏமாத்துன்னு சொல்றீங்க. ஏற்கனவே ஒவ்வொரு வீட்டுக்கும் செம்புக் கம்பி போயிருக்கிற ஒரு ஏரியாவை எடுத்துக்குங்க. செலவுல பெரிய பங்கு கண்ணாடி இழைக்குப் போறதில்ல, தோண்டுறதுக்கும் ஆள் கூலிக்கும்தான் போகுது. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல இருந்து தெருமுனை கேபினட் (வீட்டு லைனெல்லாம் பிரியுற பெட்டி) வரைக்கும் ஒரே ஒரு கேபிள் இழுத்தா சில நூறு வீட்டுக்கு ஆச்சு, ஆனா அங்க இருந்து வீட்டுக்குப் போற கடைசி 300 மீட்டரை வீடு வீடா தனியா போடணும், ஒருத்தர் கேட் தொறக்க மாட்டார், ஒருத்தர் டைல்ஸ் ஒடையும்பார், ஒருத்தர் வேணவே வேணாம்பார். கேபினட்ல விடிஎஸ்எல்2 (செம்புக் கம்பியிலயே வேகமா டேட்டா அனுப்புற முறை) வெச்சு, பக்கத்துக் கம்பிகளோட சத்தத்தை அடக்குற வெக்டரிங் போட்டா அந்த தூரத்துல 100 எம்பிபிஎஸ் பக்கம் வருது. 4கே படம் ஒண்ணுக்கு 25 எம்பிபிஎஸ் தாராளம். அப்புறம் எதுக்கு ஊரையே தோண்டணும்?

நீலக்கண்ணாடி:
//அந்த தூரத்துல 100 எம்பிபிஎஸ் பக்கம் வருது//
எந்த தூரம் பாஸ்? மேப்புல ஸ்கேல் வெச்சு அளந்ததா, கம்பி போற வழியில அளந்ததா? கம்பி நேரா போகாது, தெருவைச் சுத்தி, மூலையில ஒரு ஜாயிண்ட், எதிர்பக்கம் திரும்பி வந்து ஒரு ஜாயிண்ட்னு போகும். மேப்புல 300ன்னா கம்பியில 500, 600 வரும். செம்புல அதிர்வெண் ஏற ஏற சிக்னல் செத்துடும், அதுதான் மொத்தப் பிரச்சினையே. இதுக்கு முந்தின செம்பு முறையான ஏடிஎஸ்எல்2+ 2.2 மெகாஹெர்ட்ஸோட நின்னுது, அதனால சில கிமீ தள்ளியும் ஏதோ வந்துச்சு. விடிஎஸ்எல்2வோட 17ஏ ரகம் 17.6 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகுது, அந்த மேல் பகுதி ஒரு கிமீ தாண்டுறதுக்கு முன்னாடியே காணாமப் போயிடும், அதுக்கப்புறம் பழைய ஏடிஎஸ்எல்லுக்கும் இதுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. விளம்பரத்துல "வரை"ன்னு ஒரு வார்த்தை போட்டு தப்பிச்சிடுவாங்க, தெருக்கடைசி வீட்டுக்காரன்தான் மாட்டுவான்.

ஜாயிண்ட்பாக்ஸ்:
நான் ரெண்டு பக்கமும் வேலை பாத்தவன். செம்பு ஜாயிண்டும் பண்ணிருக்கேன், இப்போ ஃபைபர் ஸ்ப்ளைஸும் (இழையை ஒட்டுறது) பண்றேன். கணக்கன் சார், உங்க கணக்குல இருக்கிற செம்பு புத்தகத்துல இருக்கிற செம்பு. மண்ணுக்குள்ள இருக்கிறது வேற. பேப்பர் இன்சுலேஷன் கேபிள்ல தண்ணி எறங்கியிருக்கும், ஜாயிண்ட்டைத் தொறந்தா பச்சை பூத்திருக்கும், நடுவுல 0.4 எம்எம் கம்பியோட 0.5 எம்எம்மை முறுக்கி விட்டிருப்பாங்க, எப்பவோ காலி பண்ணிட்டுப் போனவங்க லைனோட வால் அப்படியே இணையா தொங்கிட்டு இருக்கும். அந்த வால் ஒண்ணு போதும், விடிஎஸ்எல் கிராஃப்ல பள்ளம் பள்ளமா விழும். பேச்சுக்கு இதெல்லாம் பிரச்சினையே இல்ல, டயல் டோன் கணீர்னு வரும், அதனால யாரும் பதிவே பண்ணி வெக்கல. மழை பேஞ்ச மறுநாள் வர்ற கம்ப்ளைண்ட் லிஸ்ட்டைப் பாத்தா புரியும்.

கணக்கன்:
அண்ணே, செம்பு மோசமா இருக்கிற ஏரியாவுல நானும் அதை நம்பச் சொல்லல. நல்லா இருக்கிற எடத்துலயும் ஏன் தூக்கிப் போடணும்னுதான் கேக்குறேன். பக்கத்து பக்கத்து கம்பி ஜோடி ஒண்ணோட சத்தம் ஒண்ணுல விழற பிரச்சினைக்கு 2010லயே வெக்டரிங் ஸ்டாண்டர்டு வந்துடுச்சு, எல்லா ஜோடியோட சிக்னலையும் சேத்துக் கணக்குப் போட்டு எதிர் சத்தம் கலந்து அனுப்பி அடக்கிடுது. அது போதலைன்னா ஃபைபரை இன்னும் கொஞ்சம் நீட்டி போஸ்ட் மேலயோ வாசல் குழியிலயோ ஒரு சின்னப் பெட்டி வெச்சு, விடிஎஸ்எல்லுக்கு அடுத்த செம்பு முறையான ஜி.ஃபாஸ்ட் போடுங்க, 2014ல வந்தது, 106 மெகாஹெர்ட்ஸ், 100 மீட்டருக்குள்ள ஏறுறதும் இறங்குறதும் சேத்து 1 ஜிகாபிட் கிட்ட வரும். அந்தப் பெட்டிக்கு கரண்ட் கூட வீட்டுல இருந்தே அதே கம்பியில திருப்பி அனுப்பலாம். தேவை வர வர படிப்படியா நீட்டிக்கிட்டுப் போலாம்ங்கறேன், ஒரே நாள்ல ஏன் மொத்தக் காசையும் கொட்டணும்?

நீலக்கண்ணாடி:
படிப்படியா போனவங்க கதை நமக்குத் தெரியாதா என்ன. பிரிட்டன்ல பிடி கம்பெனி 2015ல ஜி.ஃபாஸ்ட்டை வெச்சுத்தான் 2020க்குள்ள 1 கோடி வீட்டுக்கு அதிவேகம்னு சொன்னாங்க, அதுல மூணுல ஒரு பங்கைத் தொடுறதுக்குள்ளயே நிறுத்திட்டு வீடு வரைக்கும் ஃபைபருக்குத் திரும்பிட்டாங்க. ஆஸ்திரேலியா இன்னும் பெரிய கதை. 2009ல 10ல 9 வீட்டுக்கு ஃபைபர்னு ஆரம்பிச்சாங்க, 2013ல ஆட்சி மாறினதும் "செலவு ஜாஸ்தி, சீக்கிரம் முடிக்கணும்"னு கேபினட்டோட நிறுத்துற திட்டத்துக்கு மாத்தினாங்க, கடைசியில 2020 செப்டம்பர்ல அதே கேபினட் ஏரியாக்களுக்கு வீடு வரைக்கும் ஃபைபர் போடுறோம்னு அறிவிப்பு. ஒரே தெருவுக்கு ரெண்டு தடவை ஆள் அனுப்புறதுதான் உங்க படிப்படியா.

வெக்டரிங்ல இன்னொரு வினை இருக்கு. ஒரு கட்டுல இருக்கிற எல்லா ஜோடியும் ஒரே மெஷின் கையில இருக்கணும், நடுவுல வேற கம்பெனி லைன் நாலு ஓடுச்சுன்னா எதிர் சத்தக் கணக்கு கெட்டுப் போயிடும். அதனால ஒரு ஆப்பரேட்டர் மட்டும்தான் அங்க இருக்க முடியும். ஜெர்மனியில 2016ல எக்ஸ்சேஞ்ச் பக்கத்து லைன்களுக்கு டாய்ச்ச டெலிகாமுக்கு வெக்டரிங் அனுமதி குடுத்தப்போ போட்டிக் கம்பெனிங்க கத்தினது இதுக்குத்தான். செம்பைக் காப்பாத்தப் போயி போட்டியைக் காவு குடுக்கணும்.

கணக்கன்:
ஆஸ்திரேலியாவை எல்லாரும் இப்படித்தான் பாதி சொல்றீங்க. நடுவுல அத்தனை வருஷம் அந்த வீட்டுக்காரங்க 5, 6 எம்பிபிஎஸ் ஏடிஎஸ்எல்ல கெடக்காம 50ல இருந்தாங்கல்ல, அதுக்கு மதிப்பே இல்லையா? க்யூவுல கடைசியில நிக்கிறவனுக்கு ஃபைபர் பத்து வருஷம் கழிச்சு வரும்னா நடுவுல அவன் என்ன பண்ணுவான்? தவிர கேபினட் வரைக்கும் போட்ட ஃபைபர் வீணா போகல, வீட்டுக்குப் போறதும் அதே வழியிலதான் போகுது.

மூணாவதுமாடி:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். நீங்க ரெண்டு பேரும் தனி வீட்டையே வெச்சுப் பேசுறீங்க. எங்களுது 60 வீடு இருக்கிற அடுக்குமாடி. கீழ மீட்டர் ரூம் வரைக்கும் ஃபைபர் வந்துடுச்சு, மேல வர்றது பழைய டெலிபோன் கம்பியிலயா, லேன் கேபிள்லயா, ஃபைபர்லயான்னு சங்கத்துல சண்டை. எது சரி?

நீலக்கண்ணாடி:
@மூணாவதுமாடி கட்டடத்துல ஏற்கனவே கேட்5இ லேன் கேபிள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓடியிருந்தா சண்டையே வேணாம், 100 மீட்டருக்குள்ள 1 ஜிகாபிட் ரெண்டு பக்கமும் வரும், கீழ ஒரு ஸ்விட்ச் போதும். டெலிபோன் கம்பியிலன்னா மட்டும் ஒத்துக்காதீங்க. ஜப்பான்ல நெறைய பழைய அடுக்குமாடி இன்னும் இதுல மாட்டிக்கிட்டு இருக்கு, கீழ் ரூம் வரைக்கும் ஃபைபர், மேல விடிஎஸ்எல், உச்சமே 100 எம்பிபிஎஸ். கட்டடத்துக்கு வெளிய 10 ஜிகாபிட் விக்கிறாங்க, உள்ள இருக்கிறவனுக்கு மாத்தணும்னா நிர்வாகக் குழு சம்மதிக்கணும், அது எளிசுல நடக்காது. அப்போதைக்குன்னு வெச்சது அப்படியே உக்காந்துடும்.

ஜாயிண்ட்பாக்ஸ்:
@மூணாவதுமாடி லிஃப்ட் பக்கத்துல கேபிள் போற குழாய் இருக்கும், அதுல இடம் இருக்கான்னு முதல்ல பாருங்க. இப்ப வர்ற ஜி.657 ரக இழை சின்ன வளைவுக்கெல்லாம் வெளிச்சத்தை சிந்தாது, கதவு நிலை ஓரமா ஒட்டிக்கிட்டே கொண்டு போயிடலாம். முன்ன மாதிரி சுவத்தைக் குடையத் தேவையில்ல. ஆனா கனெக்டர் முனையைக் கையால தொட்டுட்டு அப்படியே சொருகுற ஆளுங்களை உள்ள விடாதீங்க, நான் போற ஃபால்ட்ல பாதி அந்த அழுக்குதான். துடைச்சு சொருகினா சரியாயிடுது, அதுக்கு ஒரு விசிட்.

கணக்கன்:
சரி நான் ஒண்ணு கேக்குறேன். ஃபைபர் ஃபைபர்ங்கறீங்களே, அதுவும் பங்கு போடுறதுதானே. ஜிபான்ல (ஒரே இழையைப் பல வீடு பங்கு போடுற ஃபைபர் முறை) ஒரு போர்ட்டுக்கு 2.5 ஜிகாபிட் இறங்குது, 1.25 ஏறுது. அதை ஸ்ப்ளிட்டர் (வெளிச்சத்தைப் பல இழைக்குப் பிரிக்கிற சாதனம்) வெச்சு 64 வீட்டுக்குப் பிரிச்சா எல்லாரும் ஒரே நேரத்துல இழுக்கும்போது தலைக்கு 39 எம்பிபிஎஸ். என் விடிஎஸ்எல் லைன் கேபினட் வரைக்குமாவது தனி. அப்புறம் கரண்ட் போனா? பழைய செம்பு போன் எக்ஸ்சேஞ்ச் பேட்டரி 48 வோல்ட்ல தானா ஓடுச்சு. கண்ணாடியில கரண்ட் போகாது, வீட்டுல இருக்கிற ஃபைபர் பெட்டி (ஓஎன்டி) அணைஞ்சா போனும் போச்சு.

நீலக்கண்ணாடி:
//கேபினட் வரைக்குமாவது தனி//
கேபினட்டுக்கு அப்புறம்? அங்க இருந்து எக்ஸ்சேஞ்சுக்கு போற லிங்க் 1 ஜிகாவோ 10 ஜிகாவோ, அதை 300 வீடு பங்கு போடுது. பங்கு போடாத நெட்வொர்க் எங்கயுமே இல்ல சார், எந்த எடத்துல பங்கு போடுறோம்ங்கறதுதான். எல்லாரும் ஒரே நொடியில முழு வேகத்துல இழுக்கிறது நடக்கவும் நடக்காது. அப்படியே நெருக்கடி வந்தாலும் இழையைத் தொட வேண்டாம். ஜிபான் 1490 நானோமீட்டர் அலைநீள வெளிச்சத்துல இறக்கி 1310ல ஏத்துது, அதுக்கு அடுத்த தலைமுறை எக்ஸ்ஜிஎஸ்-பான் 1577ல இறக்கி 1270ல ஏத்துது. ஒரே இழை, ஒரே ஸ்ப்ளிட்டர், ரெண்டும் பக்கத்துல பக்கத்துல ஓடும். எக்ஸ்சேஞ்ச்ல கார்டு ஒண்ணு போட்டு, கேக்குற வீட்டுல மட்டும் பெட்டியை மாத்தினா ரெண்டு பக்கமும் 10 ஜிகா. தெருவுல ஒரு கல்லைக் கூட நகத்தல. செம்புல ஒவ்வொரு தடவை வேகம் ஏத்தும்போதும் பெட்டியை வீட்டுக்கு இன்னும் கிட்ட நகத்தணும், ஒவ்வொரு நகத்தலும் ஒரு தோண்டல், ஒரு கரண்ட் கனெக்‌ஷன்.

கரண்ட் விஷயத்துக்கு வீட்டுல சின்ன பேட்டரி ஒண்ணு போதும். உங்க கேபினட்டுக்கு என்ன? ரெக்டிஃபையர், ஃபேன், பேட்டரி பேங்க் எல்லாம் ரோட்டோரமா. ஸ்ப்ளிட்டருக்கு ப்ளக்கே கிடையாது.

ஜாயிண்ட்பாக்ஸ்:
அந்த பேட்டரியைத் திருடிட்டுப் போறதை விட்டுட்டீங்களே :) பூட்டை ஒடைச்சு பேட்டரி மட்டும் எடுத்துட்டுப் போவாங்க, மெஷினைத் தொட மாட்டாங்க, விவரமான ஆளுங்க.

தூரத்துவீடு:
ரெண்டு வீட்டுக்கு நடுவுல அரை கிமீ இருக்கிற எங்கள மாதிரி ஆளுங்களைப் பத்தி யாராச்சும் பேசுவீங்களா? எங்களுக்கு கேபினட்டும் எட்டாது, ஃபைபரும் வராது.

ஜாயிண்ட்பாக்ஸ்:
@தூரத்துவீடு உங்களுக்கு கேபினட் ஒத்தே வராது, செம்பு அந்த தூரத்துல செத்துடும். ஆனா வெளிச்சம் வந்து சேரும், அதைக் கணக்காவே காட்டுறேன். ஜிபான்ல பி+ங்கற வகைக் கருவி 28 டெசிபல் வெளிச்ச இழப்பு வரைக்கும் தாங்கும். 32ஆ பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் ஒரு 17.5 சாப்பிடும். இழை 1310ல கிமீக்கு சுமார் 0.35, அப்போ 20 கிமீக்கு 7. ரெண்டும் சேந்து 24.5. கனெக்டர் நாலுக்கு 2, ஸ்ப்ளைஸ் எல்லாம் சேத்து ஒண்ணு வைங்க, 27.5. பிடிச்சுக்கிட்டு நிக்கும், ஆனா ஒரு அழுக்கு கனெக்டர் வந்தா லைன் கவுந்துடும். அதனால தூரத்துல இருக்கிற இடத்துக்கு 16ஆ மட்டும் பிரிச்சா மூணு டெசிபலுக்கு மேல கையில மிச்சம். போஸ்ட்ல கட்டிக்கிட்டுப் போறதா இருந்தா தோண்டுறதும் இல்ல. போஸ்ட்டும் இல்லைன்னா கடைசி கொஞ்ச தூரத்துக்கு ரேடியோதான், அந்த டவர் வரைக்கும் ஃபைபர் வந்தே ஆகணும்.

கணக்கன்:
போஸ்ட் இருந்தா, டக்ட் (மண்ணுக்குள்ள கேபிள் போற குழாய்) இருந்தா, கட்டடத்துல குழாய் இருந்தா. இந்த "இருந்தா"வுலதானே மொத்த செலவும் இருக்கு?

நீலக்கண்ணாடி:
அதேதான், அதுக்குத்தான் ஸ்பெயினைப் பாக்கச் சொல்றேன். 2009லயே டெலிஃபோனிகாவோட டக்ட்டை மத்த கம்பெனிங்க வாடகைக்கு எடுத்துக்கலாம்னு ரெகுலேட்டர் விதி போட்டாங்க, குழாய் ஏற்கனவே ரெடி, இழுத்துக்கிட்டே போனாங்க, ஐரோப்பாவுல வீடு வரைக்கும் ஃபைபர்ல முன்வரிசைக்கு வந்துட்டாங்க. இன்னொண்ணு, வீட்டுக்குள்ள போற ட்ராப் கேபிள் காசு கனெக்‌ஷன் கேட்ட வீட்டுக்கு மட்டும்தான், கேட்ட அன்னைக்குத்தான். பத்துல நாலு பேர் கேட்டா நாலு ட்ராப். உங்க விடிஎஸ்எல் கேபினட் ஒருத்தர் சேந்தாலும் முந்நூறு பேர் சேந்தாலும் முதல் நாளே முழுசா நிக்கணும், கரண்ட் பில்லும் முதல் நாள்ல இருந்தே.

கணக்கன்:
தெருவுல ஓடுற டிஸ்ட்ரிபியூஷன் கேபிள் கேட்ட அன்னைக்கா போடுவீங்க? அதுவும் முதல் நாள் செலவுதான், அதை மறைக்காதீங்க. ஆனா டக்ட் இருக்கிற தெருவுல நேரா ஃபைபர் போடுங்க, நான் சண்டைக்கு வரல. டக்ட் இல்லாம கேபிள் நேரா மண்ணுக்குள்ள பொதைச்சிருக்கிற தெருவுக்கு மட்டும் கேபினட்டோட நிறுத்தலாம்ங்கறேன்.

நீலக்கண்ணாடி:
அப்படியே நிறுத்துறதா வெச்சுக்குவோம். அந்த கேபினட் வரைக்கும் எத்தனை கோர் (உள்ள இருக்கிற இழை) கேபிள் போடப் போறீங்க? விடிஎஸ்எல் மெஷினுக்கு ரெண்டு இழை போதும்னு 4 கோர் போட்டுட்டு வந்துட்டா பின்னாடி அந்தத் தெருவுக்கு விமோசனமே இல்ல.

கணக்கன்:
24 கோர். 384 வீடு, 32ஆ பிரிச்சா 12 இழை, மீதி 12 ஸ்பேர். கேபிள் விலையில 4க்கும் 24க்கும் பெரிய வித்தியாசம் இல்ல, கூலி அதே கூலிதான்.

ஜாயிண்ட்பாக்ஸ்:
இழை சரி. 12 ஸ்ப்ளிட்டரையும் எங்க வெப்பீங்க? அந்த கேபினட்ல விடிஎஸ்எல் கார்டு, பேட்டரி, ஃபேன், செம்புக் கம்பிகளை இணைக்கிற டேக் பிளாக் எல்லாம் போக கைய விடக் கூட எடம் இருக்காது. பக்கத்துல இன்னொரு பெட்டி வெக்க முனிசிபாலிட்டி அனுமதி வாங்கிருக்கீங்களா, இல்ல அதுவும் அடுத்த படியா?

கணக்கன்:
ஸ்ப்ளிட்டருக்கு பக்கத்து குழிக்குள்ள ஒரு டோம் க்ளோஷர் (தண்ணி புகாத ஜாயிண்ட் கூடு) போதும்ணே.

ஜாயிண்ட்பாக்ஸ்:
384 இழையையும் ஒரே டோம்லயா? வாங்க, ஒருநாள் குழிக்குள்ள எறங்கிப் பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க.