புகையே பிடிக்காத அம்மாவுக்கு சிஓபிடியா?

வெண்ணாற்றங்கரை மகள்:
நீடாமங்கலம் பக்கம் எங்கள் கிராமம். அம்மாவுக்கு 61 வயது. காலையில் எழுந்ததும் இருமல், சளி. களத்துமேட்டிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் நின்று நின்று மூச்சு வாங்குகிறார். மார்கழிப் பனி வந்தால் இன்னும் மோசம். டாக்டர் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார். எங்கள் வீட்டில் யாரும் பீடி, சிகரெட் தொட்டதில்லை. இது ஆஸ்துமாவாக இருக்குமோ? பேரனுக்கு ஒட்டிக்கொள்ளுமா? இன்ஹேலர் எடுத்தால் விடவே முடியாது என்று வேறு பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.

நெஞ்சக வார்டு செவிலி:
தங்கச்சி, வீட்டில் நெல் அவித்தீர்களா? அம்மா எத்தனை வருடம் விறகடுப்பில் சமைத்தார்?

வெண்ணாற்றங்கரை மகள்:
ஆமாம் அக்கா. குறுவை, சம்பா இரண்டுக்கும் கொல்லையில் அண்டா வைத்து, உமியும் தென்னை மட்டையும் போட்டு அவிப்பார். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட அடுப்படியிலேயே உட்கார்ந்திருப்பார். சமையலுக்கு வரட்டி. கேஸ் வந்தது நான் காலேஜ் போன பிறகுதான்.

நெஞ்சக வார்டு செவிலி:
அந்தப் புகை போதும். புகையிலைதான் பெரிய காரணம், ஆனால் விறகு, வரட்டிப் புகையை வருடக்கணக்கில் சுவாசித்தாலும் இதே நோய் வரும். எங்கள் வார்டுக்கு வரும் பெண்களில் பலர் இப்படித்தான்.

நுரையீரலில் இரண்டு விதமாகச் சேதம் நடக்கும். மூச்சுக்குழாயின் உட்சுவர் தடித்துச் சளி ஊறிக்கொண்டே இருப்பது ஒன்று. வருடத்துக்கு 3 மாதமாவது சளியோடு இருமல், அதுவும் அடுத்தடுத்து 2 வருடம் இருந்தால் நாள்பட்ட பிராங்கைட்டிஸ் என்பார்கள். இன்னொன்று எம்ஃபைசீமா. காற்றறைகளின் மெல்லிய சுவர்கள் அழிந்து, இழுத்த காற்று முழுதாக வெளியே வராமல் உள்ளேயே தேங்கும். பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

ஆஸ்துமாவில் இழுப்பு வரும், போகும். நடுவில் மூச்சு சீராக இருக்கும். சிஓபிடியில் அடைப்பு முழுதாக விலகாது. அதனால்தான் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் ஒருமுறை ஊதச் சொல்வார்கள். அப்போதும் முதல் நொடியில் வெளியே வரும் காற்று, மொத்தம் ஊதியதில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சிஓபிடி. அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பேரனுக்கு ஒட்டாது, தாராளமாக மடியில் உட்காரட்டும். இன்ஹேலர் போதைப் பழக்கம் ஆகாது. மருந்து குறைந்த அளவில் நேராக நுரையீரலுக்கே போகிறது, மாத்திரையைவிட நல்லது. அழுத்தும்போதே இழுக்க வரவில்லை என்றால் ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழல், மருந்து அதில் தங்கும், நிதானமாக இழுக்கலாம்) கேளுங்கள். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் இழுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும்.

கொரடாச்சேரி:
அக்கா சொன்னது சரி. என் அப்பா ரைஸ் மில்லில் உமித் தூசியிலேயே இருந்தவர், பீடியும் உண்டு. வயசாச்சு என்றே நினைத்திருந்தோம். சாப்பிடும்போதே மூச்சு வாங்கி, பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிடுவார். உடம்பு இளைத்துப்போனது. பீடியை விட்ட பிறகு இருமல் குறைந்தது. உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விடச் சொல்லிக் கொடுத்தார்கள், மாடிப்படி ஏறும்போது அது நன்றாகக் கைகொடுக்கிறது.

வெண்ணாற்றங்கரை மகள்:
ரொம்ப நன்றி. கேஸ் மிச்சம் என்று அம்மா இன்னமும் வெந்நீரைக் கொல்லையடுப்பில்தான் போடுகிறார்.

நெஞ்சக வார்டு செவிலி:
முதலில் அதை நிறுத்துங்கள், தங்கச்சி. அப்புறம் ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். சளி அதிகமாகி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் அன்றைக்கே காட்டுங்கள். உதடு நீலம் பாரித்தாலோ, பேச்சுக் குழறித் தூங்கி வழிந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.