மரக் கிளாரினெட்டுக்கு எண்ணெய்: இன்று ராத்திரியே விடலாமா?

ஊமைக்குழல் கேட்டது:

வணக்கம். மாமா வாசித்துக்கொண்டிருந்த மரக் கிளாரினெட் போன மாதம் என் கைக்கு வந்தது. 11 வருஷமாகப் பெட்டியைவிட்டு வெளியே வராதது. நான் பிளாஸ்டிக் கிளாரினெட்டிலேயே கற்றுக்கொண்டவன். ஊதி முடித்ததும் துணியை ஒரு இழுப்பு இழுத்துப் பெட்டியில் போடுவேன், அவ்வளவுதான் என் பராமரிப்பு. மரத்தோடு பழக்கமில்லை.

கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். பேரலில் (மவுத்பீஸுக்கு அடுத்த குட்டித் துண்டு) உள்ள இரண்டு உலோக வளையங்களும் விரலால் தள்ளினாலே சுற்றுகின்றன. அடியில் விரிந்திருக்கும் பெல்லை ஆட்டினால் கிலுகிலுப்பைச் சத்தம். உள்துளையில் டார்ச் அடித்துப் பார்த்தால் பளபளப்பே இல்லை, சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. மேல் துண்டில், டிரில் கீயின் (இரு சுரங்களை வேகமாக மாறி மாறி ஊதத் துளையைத் திறக்கும் நெம்பு) துளைக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு கோடு, 2 செ.மீ. இருக்கும். மரத்தின் ரேகையா விரிசலா, தெரியவில்லை.

காய்ந்துபோன மரம், எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துப் பாதாம் எண்ணெய் ஒரு சீசா வாங்கிவிட்டேன். இன்று ராத்திரியே விடலாமா? எத்தனை சொட்டு? கீ எல்லாவற்றையும் கழற்ற வேண்டுமா?

பழைய பேடு எழுதியது:

தம்பி, சீசாவை மூடி வைங்க. இன்னிக்கு ராத்திரி வேண்டவே வேண்டாம்.

காரணம் அந்தக் கோடு. அது விரிசலா இருந்துட்டா, ரிப்பேர் பண்றவர் சூப்பர் குளூவும் மரத்தூளும் வெச்சு அடைப்பார். எண்ணெய் குடிச்ச மரத்துல பசை பிடிக்காது. அதனால முதல்ல கோடு என்னன்னு தெரியணும்.

வெளிச்சம் பக்கவாட்டுல விழற மாதிரி பிடிச்சு, நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்க. ரேகைன்னா நகம் வழுக்கிட்டுப் போயிடும், பக்கத்துலயே அதே மாதிரி நாலஞ்சு கோடு இருக்கும். விரிசல்னா நகம் தட்டும். அது துளை வரைக்கும் ஓடி, துளையோட உள்சுவர்லயும் தெரியும்.

அப்புறம் மேல் துண்டை மட்டும் எடுத்து, கீழ் வாயை வலது உள்ளங்கையால அடைச்சு, துளைகளை இடது விரல்களால மூடி, மேல் வாயில உதட்டை வெச்சுக் காத்தை உறிஞ்சுங்க. நாலஞ்சு வினாடி தாங்கி, உதட்டை எடுக்கும்போது ‘டப்’னு சத்தம் வந்தா நல்லது. வரலைன்னா உடனே விரிசல்னு முடிவு கட்டிடாதீங்க. 11 வருஷத்துப் பேடு (கீக்கு அடியில துளையை மூடற மெத்தை), மேல் சவ்வு கிழிஞ்சுகூட காத்து போகும்.

வளையம் சுத்தறது வேற கதை. மரம் சுருங்கிடுச்சு, உலோகம் சுருங்கலை. மரம் இழந்தது ஈரத்தை. எண்ணெய் அதைத் திருப்பிக் கொடுக்காது. சின்னதா ஒரு ஈரப்பத மானி வாங்கிப் பெட்டிக்குள்ள போடுங்க. ஓட்டை போட்ட சோப்பு டப்பாவுல பிழிஞ்ச ஸ்பாஞ்சு ஒண்ணு, மரத்துல படாம வைங்க. 45-லருந்து 55 சதவீதம் வரைக்கும் மெதுவா ஏத்துங்க. ஆரஞ்சுத் தோல் போடச் சொல்வாங்க. வேலை செய்யும், ஆனா ஒரு வாரத்துல பூஞ்சையும் சேர்ந்து வரும்.

அது வரைக்கும் ஊதாதீங்க. சூடான, ஈரமான மூச்சு உள்ளே போனா உள்பக்கம் உப்பும், வெளிப்பக்கம் சில்லுன்னு அப்படியே இருக்கும். அந்த இழுபறியிலதான் மரம் பிளக்குது. அதுவும் பெரும்பாலும் மேல் துண்டுலதான். வாய்க்குப் பக்கத்துல இருக்கறது, மேல இத்தனை துளை வேற.

எண்ணெய் விஷயத்துல என் லட்சணத்தையும் சொல்லிடறேன். முதல் மரக் கிளாரினெட் வாங்கின புதுசுல, தையல் மெஷின் எண்ணெயை உள்ளே ஊத்திக் குழலை உருட்டினேன். ரெண்டே நாள்ல பேடு எல்லாம் ஊறிப்போச்சு. கீயை அமுக்கினா ‘பிச்’னு ஒட்டிட்டுத்தான் எழும்பும். மேல் துண்டு முழுக்கப் பேடு மாத்தினேன்.

நாணல் நாக்கு எழுதியது:

நான் 14 வருஷமா ஒரு சொட்டு விட்டதில்லை, விரிசலும் இல்லை. கிளாரினெட் செய்யற கிரெனடில்லா சாதாரண மரமில்லைங்க. ஈட்டி மரம் சேர்ந்த டால்பெர்ஜியா இனம்தான், ஆனா ஒரு துண்டைத் தண்ணியில போட்டா முழுகிடும், அவ்வளவு அடர்த்தி. அதுக்குள்ள எண்ணெய் எங்கே போகும்? மேலாக நின்னு பிசுக்காகும், தூசி பிடிக்கும். துடைச்சு வைங்க, ஈரப்பதத்தைப் பார்த்துக்குங்க, போதும்.

பழைய பேடு எழுதியது:

சுவர்ப் பக்கமா உள்ளே போகாதுங்கறது பாதி உண்மைதான், ஒத்துக்கறேன். ஆனா மரத்தோட நார் வெட்டுப்பட்டு நிக்கற இடங்கள் இருக்கே? டெனான் (இன்னொரு துண்டுக்குள்ள நுழையற பகுதி) முனை, அது போய் உட்கார்ற சாக்கெட்டோட அடி, துளைகளோட விளிம்பு. அங்கே மரம் ஸ்ட்ரா மாதிரி திறந்து கிடக்குது. ஈரம் உள்ளே போறதும் வெளியே வர்றதும் பெரும்பாலும் அந்த வழியாத்தான். நான் முக்கியமா அங்கேதான் தடவறேன், வருஷத்துக்கு ரெண்டு தடவை. மாசா மாசம் விடறவங்களைப் பார்த்தா எனக்கும் எரிச்சல்தான்.

ஆளி விதை எண்ணெய் பக்கம் மட்டும் போகாதீங்க. அது காஞ்சு தோலாப் படியும், உள்துளையோட அளவே மாறிடும். பாதாம் பரவாயில்லை, காயாது. ஆனா பழசானா சிக்கு வாடை அடிக்கும், சின்ன சீசாவா வாங்குங்க.

கார்க்குத்தூள் எழுதியது:

ஒரு விஷயம் யாரும் சொல்லலை. துண்டுகள் இணையற இடத்துல சுத்தியிருக்கற, 11 வருஷம் காஞ்ச கார்க்கை அப்படியே திருகிப் பொருத்தினா பிய்ஞ்சு வந்துடும். கார்க் கிரீஸ் தடவி ஒரு நாள் ஊற விட்டுட்டு மாட்டுங்க. மவுத்பீஸ் எபோனைட்டா (கெட்டி ரப்பர்) இருந்தா எண்ணெயும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம். வெந்நீர் பட்டா பச்சையும் பழுப்புமா நிறம் மாறி, கந்தக வாடை வரும். அனுபவம்!

ஊமைக்குழல் எழுதியது:

20 நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

முதல் நாள் மானி காட்டியது 31. பார்த்ததும் எனக்கே தொண்டை வறண்டது. இப்போது 48-ல் நிற்கிறது. 12-ஆம் நாள் காலை பேரலை எடுத்து வளையத்தைத் தள்ளினால் அசையவில்லை. பெல்லும் வாயை மூடிக்கொண்டது. கோடு ரேகைதான், துளைக்கு முன்பே மங்கி மறைகிறது, நகமும் தட்டவில்லை. உறிஞ்சிப் பார்த்ததில் ‘டப்’ கேட்டது. அந்தச் சத்தத்துக்காகவே நாலு தடவை செய்தேன்.

நாணல் நாக்கு கோபிக்கக் கூடாது, எண்ணெய் விட்டேன். கீக்களைக் கழற்றத் தைரியமில்லை. பேடுகளுக்குக் கீழே காகிதத் துண்டுகளைச் செருகிவிட்டு, பழைய கைக்குட்டையில் 5 சொட்டு விட்டு இழுத்தேன். முனைகளுக்கு மட்டும் விரலால். ராத்திரி முழுக்க அப்படியே வைத்துக் காலையில் துடைத்தால், துணி கன்னங்கரேல் என்று வந்தது! மரம் கரைகிறதா?

இன்னொன்று. மேல் துண்டைக் கொஞ்ச நேரம் அக்குளில் வைத்து, கதகதப்பானதும் தினம் 10 நிமிஷம் ஊதுகிறேன். சி ஷார்ப் கீயில் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம் வருகிறது.

பழைய பேடு எழுதியது:

மரம் கரையலை, சாயம். ஒரே மாதிரி கறுப்பாத் தெரியணும்னு கிரெனடில்லாவுக்குச் சாயம் ஏத்தறது வழக்கம். சாயம் போனா உள்ளே அடர் பழுப்புதான், அதுதான் மரத்தோட சொந்த நிறம்.

கொப்பளிக்கறது அந்தத் துளையில நிக்கற மூச்சுத் தண்ணி. மெல்லிசு காகிதம் ஒண்ணைப் பேடுக்கும் துளைக்கும் நடுவுல விட்டு, கீயை லேசா மூடி நாலு எண்ணுங்க. கீயைத் தூக்கிட்டுக் காகிதத்தை எடுங்க. மூடினபடியே உருவினா சவ்வு கிழியும்.