புதுப்பிப்பு: டர்போ காருக்கு ஸ்பார்க் பிளக் மாற்றிவிட்டேன், உதறல் நின்றது

என் 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் காரில் ரீமேப் (என்ஜின் கணினியின் அமைப்பை மாற்றி பவரைக் கூட்டுவது) செய்த பிறகு, மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால் வண்டி உதறுகிறது, ஒரு படி 'கோல்ட்' பிளக் (வெப்பத்தை வேகமாகக் கடத்தி நுனியைச் சூடு குறைவாக வைப்பது) போடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போடவில்லை. போடாததே நல்லது.

ஞாயிறு காலை, என்ஜின் நன்றாக ஆறியபின் மூன்று பிளக்கையும் கழற்றினேன். நுனியில் உள்ள வெள்ளைப் பீங்கான் மூன்றிலுமே வெளிர் டீ நிறம். அப்படியென்றால் ஹீட் ரேஞ்ச் (பிளக் வெப்பத்தை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்ற அளவு) சரி. வெளுத்துக் கொப்புளித்திருந்தால்தான் கோல்ட் பற்றி யோசிக்க வேண்டும். தினமும் ஊருக்குள் ஓட்டும் வண்டியில் கோல்ட் பிளக் போட்டால், நுனி 450 டிகிரியைத் தொடாமல் கரி எரியாது, படிந்துகொண்டே போகும்.

கோளாறு பிளக் நுனியில் பொறி தாண்டும் இடைவெளியில்தான். 0.8 மி.மீ. இருக்க வேண்டியது, தேய்ந்து 1.0 ஆகியிருந்தது. பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏற ஏற சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் பொறி தாண்டக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலால் அவ்வளவு கொடுக்க முடியவில்லை.

அதே ஹீட் ரேஞ்சில் புது இரிடியம் பிளக், 0.7 இடைவெளி. அப்புறம் ஏற்காடு ஏறிப் பார்த்தேன், ஒரு உதறல்கூட இல்லை.

ஹீட் ரேஞ்ச் எண்ணைப் பார்த்து பிளக் வாங்குபவர்கள் கவனிக்கவும்: என்ஜிகே, டென்சோ பிராண்டுகளில் எண் கூடினால் கோல்ட். பாஷில் குறைந்தால் கோல்ட்.

பிளக் மரையில் கிரீஸ் தடவலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். அதே டார்க்கில் (முறுக்கும் விசையில்) அளவுக்கு மீறி இறுகிவிடும்.