காண்ட்ராக்ட் ஃபர்ஸ்ட் சோப் சர்வீஸ்: ஆப்ஜெக்ட் வருது, உள்ள ஃபீல்டு எல்லாம் நல்

கேள்வி:
வணக்கம். ஜாவால ஒரு சோப் சர்வீஸ் (எக்ஸ்எம்எல் மெசேஜ்ல பேசிக்கிற வெப் சர்வீஸ்) பண்றேன். சர்வீஸை விவரிக்கிற டபிள்யூஎஸ்டிஎல்லும், எக்ஸ்எம்எல் எப்படி இருக்கணும்னு சொல்ற ரெண்டு எக்ஸ்எஸ்டியும் (ஸ்கீமா ஃபைல்) எதிர்த்தரப்பு டீம் குடுத்தது, அதுல ஒரு எழுத்து கூட மாத்தக்கூடாது, அதனால காண்ட்ராக்ட் ஃபர்ஸ்ட் தான், அதாவது அந்த ஃபைல்கள்ல இருந்து தான் கோடு வரணும். எனக்கு முன்னாடி இதைப் பார்த்தவர் ஜாவா 8ல டபிள்யூஎஸ்இம்போர்ட் (டபிள்யூஎஸ்டிஎல்ல இருந்து ஜாவா கிளாஸ் செஞ்சு குடுக்கிற டூல்) ஓட்டி வந்த கிளாஸ்களை சோர்ஸ் ஃபோல்டர்ல காப்பி பண்ணி வச்சுட்டுப் போயிருக்கார். ரன்டைம் (சர்வீஸை ஓட்டுற லைப்ரரி) மெட்ரோ.

ரெக்வெஸ்ட் வருது, என் மெத்தட் கால் ஆகுது, ஆர்டர் ஆப்ஜெக்ட் கூட வந்துடுது, ஆனா அதுக்குள்ள ஆர்டர் நம்பர், தேதி, தொகை எல்லாமே நல் (காலி). லாக்ல ஒரு எரர் இல்ல. அனுப்புற எக்ஸ்எம்எல்லை எக்ஸ்எஸ்டியோட வச்சு செக் பண்ணா வேலிட்னு தான் சொல்லுது. ரெண்டு நாளா இதே வேலையா இருக்கேன். இன்னொன்னு, ஜாவா 17க்கு மாறச் சொல்றாங்க, அதுல டபிள்யூஎஸ்இம்போர்ட்டையே காணோமே?

பதில் 1:
எரர் இல்லாம நல் வந்தா முதல்ல நேம்ஸ்பேஸைத் தான் சந்தேகப்படணும், அதாவது ஒரு எலிமென்ட் பேர் எந்தத் தொகுப்பைச் சேர்ந்ததுன்னு சொல்ற அடையாளத்தை. எக்ஸ்எம்எல்லை ஜாவா ஆப்ஜெக்டா மாத்துற ஜாக்ஸ்பி, தனக்குத் தெரியாத எலிமென்ட் வந்தா சத்தமில்லாம தாண்டிப் போயிடும், மெட்ரோவும் அதைக் கண்டுக்காது. இதே, மெட்ரோ மாதிரி இன்னொரு லைப்ரரியான சிஎக்ஸ்எஃப்ல ஓடியிருந்தா "அன்எக்ஸ்பெக்டட் எலிமென்ட்"னு அப்பவே கத்தியிருக்கும்.

ரெண்டு எக்ஸ்எஸ்டியும் வேற வேற நேம்ஸ்பேஸா? அப்படின்னா ஜெனரேட் ஆனதும் ரெண்டு பேக்கேஜா தான் இருக்கும். ஒவ்வொண்ணுலயும் பேக்கேஜ்-இன்ஃபோன்னு ஒரு சின்ன ஜாவா ஃபைல் இருக்கணும், கிளாஸே இருக்காது, ஒரே ஒரு எக்ஸ்எம்எல்ஸ்கீமா அனோட்டேஷன் (கோடுல ஒட்டுற குறிப்பு) தான். இந்த பேக்கேஜ்ல இருக்கிற எலிமென்ட் எல்லாம் எந்த நேம்ஸ்பேஸ், குவாலிஃபைடா (நேம்ஸ்பேஸோட வரணுமா) இல்லையான்னு அங்க தான் எழுதியிருக்கும். அது இல்லேன்னா ஜாக்ஸ்பி நேம்ஸ்பேஸ் இல்லாத ஆர்டர் நம்பரைத் தேடும், வர்றது நேம்ஸ்பேஸோட வரும், ரெண்டும் சேராது. நீங்க அனுப்புற மெசேஜ் சரி தான், தப்பு கிளாஸ் பக்கம், அதான் எக்ஸ்எஸ்டி செக்ல ஒண்ணும் மாட்டல. ஆர்டர் டைப் இருக்கிற பேக்கேஜைத் திறந்து பாருங்க.

பதில் 2:
இது கூடவே, உங்க இம்ப்ளிமென்டேஷன் கிளாஸ்ல வெப்சர்வீஸ் அனோட்டேஷன்ல டபிள்யூஎஸ்டிஎல் லொக்கேஷன் குடுத்திருக்கீங்களா? இன்டர்ஃபேஸ்ல குடுத்தா பத்தாது. குடுக்கலேன்னா மெட்ரோ உங்க கிளாஸ்களைப் பார்த்து தானா ஒரு டபிள்யூஎஸ்டிஎல் செஞ்சு வெளிய காட்டும், அது அவங்க குடுத்த காண்ட்ராக்ட்டே இல்ல. ப்ரௌசர்ல சர்வீஸ் யூஆர்எல்லுக்குப் பின்னாடி கேள்விக்குறி போட்டு டபிள்யூஎஸ்டிஎல் எடுத்து, அதுல இருக்கிற ஸ்கீமாவை ஒரிஜினலோட வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்க. பதில் 1 சொன்னது தான் காரணம்னா அங்கயே தெரிஞ்சிடும்.

கேட்டவர்:
கிடைச்சுடுச்சு!! முதல் பேக்கேஜ்ல பேக்கேஜ்-இன்ஃபோ இருக்கு, டைப்ஸ் பேக்கேஜ்ல இல்ல. கிளாஸ் இல்லாத ஃபைல்னு காப்பி பண்றப்போ விட்டுட்டார் போல. போட்டதும் எல்லா வேல்யூவும் வந்துடுச்சு. லொக்கேஷனும் குடுக்காம தான் இருந்தது, சேர்த்துட்டேன். ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க.

பதில் 3:
ஜாவா 17 கேள்விக்கு: டபிள்யூஎஸ்இம்போர்ட்டும் ஜாவாவோட சோப் சர்வீஸ் ஏபிஐ ஆன ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ஸும் ஜாவா 11லயே ஜேடிகேல (ஜாவா டெவலப்மென்ட் கிட்) இருந்து எடுத்துட்டாங்க. இப்போ டிபென்டன்ஸியா சேர்த்துக்கணும், மேவன்ங்கிற பில்ட் டூல்ல அதுக்கான ப்ளகின் இருக்கு. ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் 2.3 வரைக்கும் ஜாவாக்ஸ் பேக்கேஜ் பேர், 3.0ல இருந்து ஜகார்த்தா, ரெண்டையும் கலந்துடாதீங்க.

ஆனா கெஞ்சிக் கேட்டுக்கறேன், அந்த காப்பி பண்ண கிளாஸ்களை கோடு சேமிக்கிற ரெப்போல இருந்தே தூக்கிடுங்க. டபிள்யூஎஸ்டிஎல், எக்ஸ்எஸ்டி மட்டும் ரெப்போல இருக்கட்டும், கிளாஸ் எல்லாம் ஒவ்வொரு பில்ட்லயும் டார்கெட் ஃபோல்டர்ல புதுசா வரட்டும். கையால காப்பி பண்றதால தானே இந்த ரெண்டு நாள் போச்சு.

கேட்டவர்:
அப்படியே பண்ணேன், ஒரு இடத்துல கம்பைல் ஆகல. பழைய ஆர்டர் கிளாஸ்ல தேதி லோக்கல்டேட்டா இருக்கு, புதுசா வந்ததுல எக்ஸ்எம்எல்கிரிகோரியன்கேலண்டர்.

பதில் 3:
உங்களுக்கு முன்னாடி இருந்தவர் கையால மாத்தியிருக்கார். திரும்ப ஜெனரேட் பண்ணா அது போயிடும், அதனால ஒரு பைண்டிங் ஃபைல் (எந்த எக்ஸ்எஸ்டி டைப்புக்கு எந்த ஜாவா டைப்னு சொல்றது) எழுதி எக்ஸ்எஸ்டி டேட்டுக்கு லோக்கல்டேட், அதுக்கு மாத்திக் குடுக்க ஒரு அடாப்டர் கிளாஸ்னு சொல்லி ப்ளகின் கான்ஃபிக்ல குடுத்துடுங்க. எக்ஸ்எஸ்டியைத் தொட வேண்டாம்.